ஒரு கிலோ ஜாக்கிரதை

அத்தியாயம் 9

“நகை ஈயமா மாறுமா அண்ணி?” என்று கேட்டேன்.

“உன் மூளை களிமண்ணா மாறினப்போ யாரும் கேள்வி கேக்கலையே” என்றார் அண்ணி, பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

சின்ன மரப்பெட்டி. உள்ளே சிவப்பு வெல்வெட். நகை இருக்க வேண்டிய இடத்தில் மிளகு மிளகாக ஈயக் குண்டுகள். காலை ஒன்பது மணிக்கு இந்தக் கடல் முக்குளிப்பு நிலையத்தின் ஏழாம் எண் லாக்கருக்குள் போன பெட்டி இது. உள்ளே போகும்போது ஆறு வளையல், இரண்டு சங்கிலி, ஓர் அட்டிகை, மூன்று மோதிரம் என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லப்பட்டது. பதினொன்றேகாலுக்குத் திறந்தால் இந்தக் கோலம். போலீஸைக் கூப்பிடலாமா வேண்டாமா என்ற வாக்குவாதத்திலேயே மணி இரண்டரை ஆகிவிட்டது.

எங்களைப் பற்றி ஒரு வரி. எங்கள் துப்பறியும் நிறுவனத்தில் இரண்டே பேர். துப்பறிவது என் அண்ணனின் மனைவி. இருவர் இருந்தால்தான் நிறுவனம் என்று சொல்லிக்கொள்ள முடியும் என்பதற்காக நான். விடுமுறைக்கு வந்த இடம் இது. அண்ணன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, கண்ணாடியை மாட்டி மேலாக நீந்தி மீன் பார்க்கும் படகில் போயிருந்தார். அண்ணிக்குக் கடல் ஆகாது. படகைப் படத்தில் பார்த்தாலே தலை சுற்றும். எனக்குக் கடல் ஆகும், நீச்சல்தான் ஆகாது.

நகையைத் தொலைத்தவரை இரண்டு நாளாகவே எங்களுக்குத் தெரியும். ஒரே விடுதி. முப்பத்து நான்கு வருடம் ஒரு வங்கியின் பாதுகாப்பு அறைக்குப் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச ஆரம்பித்தால் ‘ஜாக்கிரதை’, முடித்தாலும் ‘ஜாக்கிரதை’. எனவே நான் வைத்த பெயர் ஜாக்கிரதை சார். காலைச் சாப்பாட்டு மேசையில் எங்களுக்கு வகுப்பே எடுத்தார்.

“கடலுக்குள்ள போறவன் பர்ஸை எங்க வெப்பான்? ஷூவுக்குள்ள. மேல சாக்ஸைத் திணிப்பான். உலகத்துல எல்லா முட்டாளும் அங்கதான் வெக்கிறான். திருடன் முதல்ல எடுக்கிறதே ஷூவைத்தான். ஜாக்கிரதை!”

நான் மேசைக்கடியில் காலை இழுத்துக்கொண்டேன். அவர் சட்டைப் பையிலிருந்து ஒவ்வொரு பொருளாக எடுத்துக் காட்டினார். எல்லாம் தனித்தனி பிளாஸ்டிக் உறையில். ஒவ்வோர் உறைக்குள்ளும் ஒரு துண்டுச் சீட்டு. ‘அறைச் சாவி 1’, தேதி, நேரம், கையெழுத்து. ‘மூக்குக் கண்ணாடி 1’, தேதி, நேரம், கையெழுத்து. இவர் தும்மினால் கைக்குட்டைக்கும் ரசீது போடுவார் என்று அண்ணியின் காதில் சொன்னேன். அண்ணி சிரிக்கவில்லை. அவர் எதையாவது மனதில் முடிந்து வைக்கும்போது சிரிக்க மாட்டார்.

அந்த ஜாக்கிரதை சார் இப்போது எதிர் நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில், காலையில் அவரோடு கடலுக்குள் போய் வந்த அவர் மனைவி, முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தியவர். நகை அவருடைய சம்பளத்தில் வாங்கியது. அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்.

“நகையைத் தங்கச்சி வீட்ல குடுத்துட்டு வரலாம்னு தலையால அடிச்சுக்கிட்டேன். கேட்டாரா? ‘வீட்ல வெச்சா திருடு போயிடும்’னு கடலுக்கே தூக்கிட்டு வந்தாரு.”

“இப்ப எங்க திருடு போச்சு? லாக்கர்லதானே? அது என் தப்பா?” என்றார் ஜாக்கிரதை சார், ஜன்னலைப் பார்த்தபடியே.

தப்பு யாருடையது என்பதை நிலையத்தின் முதலாளி ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். லாக்கருக்கு இரண்டு சாவி. ஒன்று வாடிக்கையாளர் மணிக்கட்டில். மற்றது லாக்கர் அக்காவிடம். எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். பதினோரு வருடமாக அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, கடலுக்குள் போகிறவர்களின் உடைமைகளை வாங்கி வைத்து, டோக்கன் கொடுத்து, திரும்பியதும் கையெழுத்து வாங்கிக்கொண்டு தருகிறவர். ஐம்பது வயதிருக்கும். மேசையில் பெரிய பதிவேடு. கடற்காற்று பக்கத்தைப் புரட்டாமல் இருக்க அதன்மேல் நான்கு சின்னத் துணிப்பைகள், கனத்துக்கு. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: எனக்கும் அவர்மேல்தான் சந்தேகம். சாவி இருக்கிறது, வாய்ப்பு இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

முதலாளி ஒரு தாளைப் பதிவேட்டின் மேல் வைத்தார். அழகான கையெழுத்தில் அவரே எழுதியிருந்தார்: ‘நகையை எடுத்தது நானே. வருந்துகிறேன்.’ தாள் பறக்கப் பார்த்தது. ஒரு துணிப்பையை எடுத்து அதன்மேல் வைத்தார்.

“நாலு மணிக்கு அடுத்த படகு வந்துடும். நாப்பது கஸ்டமர். அவங்க முன்னாடி போலீஸ் வந்து நின்னா நல்லாவா இருக்கும்? அதுக்குள்ள நீயே கையெழுத்துப் போட்டுட்டா, சத்தமில்லாம ஸ்டேஷன்ல முடிச்சுக்கலாம். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

நிலையத்தில் திருட்டு நடந்தது என்றால் கெட்ட பெயராம். திருடியைக் கையும் களவுமாகப் பிடித்தோம் என்றால் நல்ல பெயராம். விளம்பரப் பலகையிலேயே எழுதுவார் போலிருந்தது.

லாக்கர் அக்கா அண்ணியைப் பார்த்தார். “நான் எடுக்கலைம்மா. பதினோரு வருஷத்துல ஒரு பெட்டியைத் தொறந்து பாத்தது கிடையாது. இதுல கையெழுத்துப் போட்டா இந்தக் கடற்கரையில எந்தக் கடையிலயும் என்னை உள்ள விட மாட்டாங்க. என் பொண்ணு படிப்பு முடிச்சுட்டு இங்கதான் வேலை தேடணும். திருடி மகள்னு எவன் வேலை குடுப்பான்?”

குரல் உடைந்தது. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. மேசைமேல் இருந்த துணிப்பைகளில் லேசான ஒன்றை எடுத்துத் தூக்கிப் போட்டுப் பிடிக்க ஆரம்பித்தேன். பதற்றம் வந்தால் என் கை சும்மா இருக்காது.

“வை அதை” என்றார் அண்ணி. அந்தத் தாளின் மேலேயே வைத்தேன். “இந்தப் பெட்டியை வாங்கினப்போ சார் என்ன சொன்னாரு?”

“‘எல்லாம் நகை, ஜாக்கிரதை’ன்னு சத்தமா சொன்னாரும்மா. வரிசையில பதினஞ்சு பேர் நின்னாங்க. எல்லாருமே திரும்பிப் பாத்தாங்க.”

அண்ணி எழுந்தார். “முதலாளி, நாலு மணி வரைக்கும் இந்தத் தாள் இப்படியே இருக்கட்டும். கொழுந்தனாரே, பெட்டியை எடு.”

வெளியே வந்ததும் கேட்டேன். “எங்க போறோம்?”

“மீன் வாங்க.”

“கேஸு?”

“ஒரு மனுஷன் அறைச் சாவியைக்கூட உறை போட்டு ஒளிச்சு வெக்கிறான். அவன் நகையை எங்க வெக்கிறேன்னு பதினஞ்சு பேருக்குக் கூவிச் சொல்லுவானா?”

“பயத்துல கூவியிருப்பாரு.”

“நீ பயத்துல கூவுவே. அவரு காரணமில்லாம கூவ மாட்டாரு.”

படகுத்துறை ஓரத்தில் மீன் விற்கிற அம்மாளிடம் ஒரு மின்னணுத் தராசு இருந்தது. அண்ணி தட்டைத் துடைத்து, ஒரு தாளை விரித்து, ஈயக் குண்டுகளைக் கொட்டச் சொன்னார். மீன்கார அம்மாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார்.

“இதைக் கொழம்புல போடப் போறீங்களா?”

“இவன் வயித்துக்கு எதுவும் செரிக்கும்மா” என்றார் அண்ணி.

தராசு ஆயிரம் காட்டியது. முன்னே பின்னே ஒரு குண்டு இல்லை. சரியாக ஒரு கிலோ.

“திருடறவன் பெட்டியை நிரப்ப கையில அள்ளிப் போடுவான்” என்றார் அண்ணி. “எண்ணூறு இருக்கலாம், ஆயிரத்து இருநூறு இருக்கலாம். அளந்து ஒரு கிலோ எவன் போடுவான்? இது ஏற்கெனவே ஒரு கிலோவா கட்டி வெச்சிருந்த இடத்துலேருந்து அப்படியே வந்திருக்கு.”

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. ஜாக்கிரதை சார் ஜன்னல் வழியே வைத்த கண் வாங்காமல் பார்த்த இடம் இப்போது என் எதிரில் இருந்தது. நிலையத்தின் பின்சுவர். அதில் வரிசையாகக் கொக்கி. ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு பெல்ட். முக்குளிக்கிறவர்கள் இடுப்பில் கட்டிக்கொள்வது. உடை மாற்றும் அறைக்குப் போகும்போதே ஆளுக்கொன்று கொடுத்துவிடுவார்கள். ரப்பர் உடுப்பு ஆளை மேலே தூக்குமாம். கீழே இழுக்க பெல்ட்டில் கனம் வேண்டும். கடையில் விற்கிற ஈயக்கட்டி விலை அதிகம் என்று, முதலாளி தையல்காரரிடம் துணிப்பை தைக்கச் சொல்லி, ஈயக் குண்டை நிரப்பி, ஜிப் வைத்துவிட்டார். பைக்கு ஒரு கிலோ. பெல்ட்டுக்கு நாலு பை.

“அப்ப வேலை செய்யறவங்கதான் எடுத்திருக்காங்க! பெல்ட்லேருந்து ஈயத்தை எடுத்து...”

“எடுத்தது யாருன்னு அப்புறம் பாக்கலாம். ஈயம் வெளிய வந்த பையில இப்ப என்ன இருக்கும்?”

ஒரு கணம் விழித்தேன். “காத்து?”

அண்ணி என்னைப் பார்த்த பார்வையை எழுதினால் அச்சுக்கோப்பவர் அழுவார்.

“நகை” என்று திருத்திக்கொண்டேன். “லேசான பையைக் கண்டுபிடிச்சா நகையைக் கண்டுபிடிச்சாச்சு!”

ஒன்பது பெல்ட், முப்பத்தாறு பை. மணி மூன்றேகால். மீன்கார அம்மாளின் தராசை ஒரு கிலோ மீன் வாங்குகிற உறுதிமொழியின் பேரில் கடன் வாங்கி, பையைக் கழற்று, தட்டில் வை, எண்ணைப் பார், மறுபடி மாட்டு என்று நான் ஒருவனே செய்தேன். அண்ணி நிழலில் நின்று மேற்பார்வை. முப்பத்தாறாவது பையை வைத்தபோது என் இடுப்பு போய்விட்டது. அதுவும் ஒரு கிலோ. எல்லாமே ஒரு கிலோ. அவற்றுள் ஒன்றுகூடக் குறையவில்லை.

“போச்சு” என்றேன். “உங்க கணக்கு முங்கிடுச்சு அண்ணி.”

அண்ணி கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நாற்பது. அவர் முகத்தில் முதன்முறையாகக் கவலையைப் பார்த்தேன். உள்ளே லாக்கர் அக்கா பேனாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அந்த நேரம் பார்த்துத் துறையில் கட்டியிருந்த படகுக்குள்ளிருந்து ஒரு கொட்டாவி கேட்டது. முக்குளிப்பு சொல்லிக்கொடுக்கிற மாஸ்டர். மதியத் தூக்கம் முடிந்து தலை நீட்டினார்.

“என்ன சார், நீங்களும் பெல்ட்டைத் தடவறீங்க? இன்னிக்கு எல்லாருக்கும் என்ன ஆச்சு?”

அண்ணி சட்டென்று திரும்பினார். “வேற யாரு தடவினாங்க?”

“காலைல வந்த பெரியவர்தான். கரைக்கு வந்ததும், ‘நான் போட்டதை நானே கழுவுவேன்’னாரு. தன்னோடது மட்டுமில்ல, ஒன்பது பெல்ட்டையும் கழுவினாரு. ஒவ்வொரு பையையும் அமுக்கி அமுக்கிக் கழுவினாரு மேடம்! பன்னெண்டு வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், இப்படி ஒரு தங்கமான கஸ்டமரைப் பாத்ததில்ல.”

“தங்கம்தான்” என்றார் அண்ணி. “அவரு எப்படி முங்கினாரு?”

மாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார். “எங்க முங்கினாரு? மிதந்தாரு! குச்சி மாதிரி ஆளு, நாலு கிலோ கட்டியிருக்கேன், கல்லு மாதிரி போகணும். கீழ அமுக்கறேன், மேல வராரு. அமுக்கறேன், வராரு. பெல்ட்டைத் தொட்டுப் பாத்தா ஒரு பை லேசா கெடந்துச்சு. ஓட்டையாயி ஈயம் கொட்டியிருக்கும்னு அதை உருவிப் படகுல வீசிட்டு, வேற பை சொருகினேன். அப்ப பாக்கணுமே அவரு ஆடின ஆட்டத்தை!”

“என்ன சொன்னாரு?”

“எங்க சொல்றது? வாயில காத்துக் குழாய். ‘ம்ம்ம்! ம்ம்ம்!’னு படகைக் காட்டறாரு. பயந்துட்டாருன்னு நெனச்சேன். ‘ஒண்ணுமில்ல சார், தைரியமா இருங்க’ன்னு முதுகுல தட்டிக் கீழ தள்ளிட்டேன். அரை மணி நேரம் உள்ள இருந்தாரு. மீனையே பாக்கலை. மேலேயே பாத்துக்கிட்டிருந்தாரு.”

நான் படித்துறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பா கோபமா என்று எனக்கே தெரியவில்லை. ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த மனிதர் லாக்கரை நம்பவில்லை. லாக்கருக்குள் ஈயத்தை வைத்து, அதை நகை என்று கூவி, நகையை ஈயப்பையில் போட்டு இடுப்பிலேயே கட்டிக்கொண்டு கடலுக்குள் போயிருக்கிறார். திருடனை ஏமாற்றத் திட்டம் போட்டார். தண்ணீரை ஏமாற்ற முடியவில்லை. கடைசியில் மனைவியிடம் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை என்று ஒரு பெண்ணைத் திருடியாக்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நானும் அந்தப் பெண்ணைத்தானே சந்தேகப்பட்டேன் என்பதும் சேர்ந்து சுட்டது.

“மாஸ்டர், அந்த ஓட்டைப் பை இப்ப எங்க?” என்றார் அண்ணி. “கொக்கியில இல்லையே.”

“ஓட்டைப் பை கொக்கிக்குப் போகாதே மேடம். தப்பித்தவறி எவன் இடுப்புலயாவது ஏறிட்டா வம்பு. படகு கரை தட்டினதும் முதல் வேலையா லாக்கர் அக்காகிட்ட குடுத்துடுவேன். காத்துல பதிவேடு பறக்கும்ல, மேல வெச்சுக்குவாங்க. இங்க ரொம்ப நாளா அதான் பழக்கம்.”

என் உள்ளங்கை குறுகுறுத்தது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அந்தப் பையைத் தூக்கிப் போட்டுப் பிடித்து விளையாடியவன் நான்.

“அண்ணி... நான் அதை...”

“பேசாத. ஓடு.”

ஓடினேன். ரப்பர் செருப்பு வழுக்கியது. காலையில் நிலையத்துக்குள் நுழையும்போதே ஷூவை வாசலில் விட்டுவிட்டு, அவர்கள் கொடுத்த ரப்பர் செருப்பைத்தான் மாட்டியிருந்தேன். தூரத்தில் படகின் இஞ்சின் சத்தம் கேட்டது. நாலு மணிப் படகு வந்துகொண்டிருந்தது.

உள்ளே லாக்கர் அக்காவின் கையில் பேனா இருந்தது. முதலாளி தாளின் மேலிருந்த பையை நகர்த்தி, எங்கே கையெழுத்துப் போட வேண்டுமென்று விரலால் காட்டிக்கொண்டிருந்தார்.

“நிறுத்துங்க!” என்று கத்தினேன். கொஞ்சம் அதிகமாகவே கத்திவிட்டேன். சுவரில் மாட்டியிருந்த கண்ணாடி ஒன்று விழுந்தது.

அண்ணி மூச்சு வாங்காமல் நடந்து வந்தார். முதலாளியின் கையிலிருந்த பையை வாங்கிக் கையில் ஒருமுறை நிறுத்துப் பார்த்தார். மேசையின் நடுவில் வைத்தார். “உங்க நகை இதுல இருக்கு மேடம்.”

முதலாளி வெற்றிக்குரலில் சொன்னார். “பாத்தீங்களா! இவ மேசையிலயே ஒளிச்சு வெச்சிருக்கா! நான் சொன்னேன்ல?”

லாக்கர் அக்காவின் கையிலிருந்து பேனா கீழே உருண்டது. அண்ணி அவரைக் காப்பாற்ற வந்தாரா, கவிழ்க்க வந்தாரா என்று எனக்கே ஒரு நொடி புரியவில்லை.

ஜாக்கிரதை சார் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். முகம் மலர்ந்துவிட்டது. பையைப் பார்த்த மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பார்.

“நான் அப்பவே சொல்லலை? பெட்டியைத் தொறந்து, நகையை எடுத்து, ஈயத்தைப் போட்டு, நகையை இந்தப் பையில திணிச்சு, கண்ணெதிர்லயே வெச்சிருக்காங்க! எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்க! போகட்டும், நகை கெடச்சுது. நான் மன்னிச்சுடறேன்.”

“இந்தப் பையில நகையை வெச்சது இவங்கதான்னு நிச்சயமா சொல்றீங்களா சார்?” என்று கேட்டார் அண்ணி.

“நிச்சயமா.”

“நீங்க வெக்கலை?”

“நான் எதுக்கு வெக்கணும்?”

“சரி. அப்படின்னா இதுக்குள்ள சீட்டு இருக்காது.”

ஜாக்கிரதை சாரின் வாய் திறந்தபடி நின்றது. அந்த முகத்தில் மலர்ச்சி வடிந்ததை நான் அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். முப்பத்து நான்கு வருடப் பழக்கம். கை தானாக எழுதியிருக்கும். எழுதியதே இப்போதுதான் நினைவுக்கு வந்திருக்கிறது.

அவர் கை பையை நோக்கிப் பாய்ந்தது. மனைவியின் கை முந்திக்கொண்டது.

ஜிப் திறந்தது. கைக்குட்டையில் சுற்றிய பொட்டலம். பிரித்தால் வளையல், சங்கிலி, அட்டிகை, மோதிரம். எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் உறை. உறைக்குள், கடல் தண்ணீர் ஒரு சொட்டுக்கூடப் படாத துண்டுச் சீட்டு.

அந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வகுப்பில் வாசிப்பது போல வாசித்தார். “வளையல் ஆறு. சங்கிலி ரெண்டு. அட்டிகை ஒண்ணு. மோதிரம் மூணு. இடம், உடை மாற்றும் அறை எண் மூணு. நேரம், காலை எட்டு நாப்பது. வைத்தவர்...” நிறுத்தினார். “வைத்தவர், உங்க கையெழுத்து. சரிபார்த்தவர், அதுவும் உங்க கையெழுத்து.”

முதலாளி மெல்ல அந்தத் தாளை எடுத்துக் கிழிக்கப் போனார்.

“கிழிக்காதீங்க” என்றார் லாக்கர் அக்கா. அன்றைக்கு முதன்முறையாக அவர் குரல் நிமிர்ந்தது. “பின்பக்கம் வெறுமையாத்தானே இருக்கு? நான் எடுக்கலைன்னு ரெண்டு பேரும் எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அழகா எழுதணும். முன்பக்கம் எழுதின அதே கையெழுத்து.”

முதலாளி வாசலைப் பார்த்தார். படகிலிருந்து இறங்கிய நாற்பது பேர், அண்ணனும் பிள்ளைகளும் உட்பட, ஈரம் சொட்டச் சொட்ட உடைமைகளை வாங்க வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழகாகவே எழுதினார். ஜாக்கிரதை சாரும் எழுதினார். பழக்க தோஷம், நேரத்தையும் போட்டார்.

“என்னை மன்னிச்சுடும்மா” என்றார் அவர், தரையைப் பார்த்து. “வீட்ல தெரிஞ்சா திட்டுவாளேன்னு...”

“நீங்க வாங்கப்போற திட்டை என் தலையில எறக்கி வெச்சீங்க” என்றார் லாக்கர் அக்கா. “மன்னிக்கறது இன்னிக்கு முடியாது சார். நாளைக்குப் பாக்கலாம்.”

அந்தக் கணக்கு டீச்சர் நகையை மறுபடியும் கைக்குட்டையில் சுற்றினார். மரப்பெட்டியில் வைத்தார். மேசைமேல் தள்ளினார்.

“நாளைக்குக் காலைல நான் மட்டும் கடலுக்குப் போறேன். இன்னிக்கு இவர் மிதந்ததுல நானும் ஒழுங்கா ஒண்ணும் பாக்கலை. அதுவரைக்கும் இது உங்ககிட்டயே இருக்கட்டும்.”

“டோக்கன் யார் கையில குடுக்கணும்மா?”

“என் கையில.”

ஜாக்கிரதை சார் மெல்ல, “உள்ள ஒரு சீட்டு...” என்று தொடங்கினார். மனைவி திரும்பிப் பார்த்தார். சீட்டு சட்டைப் பைக்குள் திரும்பிப் போனது.

அண்ணி என் தோளைத் தட்டினார். “வா, மீன் வாங்கணும். வாக்குக் குடுத்திருக்கோம். உன் பர்ஸை எடு.”

“ஷூவுல இருக்கு.”

“ஷூ?”

வாசலுக்குப் போனேன். நாற்பது ஜோடிச் செருப்பு கிடந்தது. என் ஷூவைக் காணவில்லை. இடது ஷூ, அதற்குள் சாக்ஸ், சாக்ஸுக்குள் பர்ஸ், எல்லாமே காலி.

“திருட்டு!” என்று அலறினேன். “அண்ணி, என் ஷூ! இப்பவே எல்லாரையும் சோதனை போடணும்! வாசல் பக்கம் யார் யார் வந்தாங்க? முதல்ல இங்க வேலை செய்யறவங்களை...”

சொல்லிக்கொண்டே திரும்பினேன்.

லாக்கர் அக்கா பதினொன்றாம் எண் லாக்கரைத் திறந்து என் ஷூவை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டிருந்தார். சாக்ஸ் திணித்தபடியே இருந்தது.

“சத்தம் போடாதீங்க தம்பி. காலைல நீங்க வாசல்ல விட்டுட்டுப் போனதைப் பாத்தேன். சாக்ஸ் துருத்திக்கிட்டு இருந்துச்சு. எல்லாரும் அங்கதானே வெக்கிறாங்க. யாராவது எடுத்துட்டா என் பேருதானே கெடும்னு உள்ள வெச்சேன். அப்புறம் இந்தக் களேபரத்துல சொல்ல மறந்துட்டேன்.”

பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். காலை ஒன்பது இருபத்தைந்து. ஷூ, ஒரு ஜோடி. உள்ளே பிரித்துப் பார்க்கவில்லை. உரியவர், சுருட்டை முடித் தம்பி.

நான் அவரைத் திருடி என்று நினைத்துக்கொண்டு எதிரில் நின்ற நேரமெல்லாம் என் பர்ஸ் அவர் முதுகுக்குப் பின்னால் பூட்டிக் கிடந்திருக்கிறது. அண்ணி எதையாவது சொல்லிக் கிண்டல் செய்திருந்தால் தேவலை என்று இருந்தது.

“எண்ணிப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க தம்பி” என்று பேனாவை நீட்டினார்.

எண்ணாமலே போட்டேன்.